தாமிரம் பேசாது, தாமிர ஆக்சைடு சும்மா இருக்காது: உலோகத்துக்குள் இருக்கும் எலக்ட்ரான்களை ஒளியால் விசாரிப்பது பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஆனித் தேரோட்டம் முடிந்த வாரத்தில், பாளையங்கோட்டையில் ஒரு கல்லூரியில் எம்.எஸ்சி. இயற்பியல் பிள்ளைகளிடம் பேசினேன். பேச்சு ஒரு மணி நேரம், கேள்வி இரண்டு மணி நேரம். வீட்டுக்கு வந்த பிறகும் போன் நிற்கவில்லை. ஒரே பதிலைப் பத்துப் பேருக்குச் சொல்வதற்கு எழுதி வைத்துவிடலாமே என்று உட்கார்ந்தேன். கேள்விகள் வந்த வரிசையில் இல்லை, எனக்குச் சொல்ல வசதியான வரிசையில் இருக்கின்றன.

ஒளிச்சிதறல் என்றால் ராமன் விளைவுதானே சார்? அதைத்தான் பிளஸ் டூவிலேயே படித்துவிட்டோமே?

அதேதான். 1928 பிப்ரவரி 28 அன்று கல்கத்தாவில் உறுதியான அதே விளைவு. ஒரே நிறமுள்ள ஒளியை ஒரு பொருள்மேல் விடுகிறோம். சிதறி வருவதில் பெரும்பகுதி போன நிறத்திலேயே திரும்பும். பல லட்சத்தில் ஒரு ஃபோட்டான், சில பொருள்களில் கோடியில் ஒன்று, கொஞ்சம் ஆற்றலை உள்ளே விட்டுவிட்டு நிறம் மாறி வரும். எவ்வளவு விட்டுவிட்டு வந்தது என்று அளந்தால், உள்ளே எது அதை வாங்கிக்கொண்டது என்று தெரியும். அந்தக் குறைவை அலை எண்ணில், அதாவது செ.மீ.⁻¹ என்ற அலகில் எழுதுவது வழக்கம். சுமார் 8 செ.மீ.⁻¹ சேர்ந்தால் ஒரு மில்லி எலக்ட்ரான் வோல்ட்.

பாடப்புத்தகத்தில் ஆற்றலை வாங்கிக்கொள்வது மூலக்கூறின் அதிர்வு. ஆனால் ஒளிக்கு அந்தக் கட்டுப்பாடு ஒன்றும் இல்லை. எலக்ட்ரானுக்கும் கொடுக்கும், காந்தச் சுழலுக்கும் கொடுக்கும். இந்தப் பக்கம் எலக்ட்ரான் வாங்கிக்கொள்ளும் கதை.

கே. எஸ். கிருஷ்ணன் நம்ம பக்கத்துக்காரர் என்கிறார்களே, உண்மையா?

உண்மை. 1898-இல் வத்திராயிருப்பில் பிறந்தவர். இன்று அது விருதுநகர் மாவட்டம். அவர் பிறந்த காலத்தில் ஸ்ரீவில்லிபுத்தூர் வட்டாரம் திருநெல்வேலிச் சீமையில்தான் இருந்தது, 1910-இல் ராமநாதபுரம் மாவட்டம் உண்டானபோதுதான் பிரிந்தது. ராமனும் அவரும் சேர்ந்து எழுதிய குறிப்பு 1928 மார்ச் 31 தேதியிட்ட ‘நேச்சர்’ இதழில் வந்தது. பலருக்கும் தெரியாத சங்கதி ஒன்று உண்டு. பிற்காலத்தில் இதே கிருஷ்ணன் உலோகங்களின் மின்தடை ஏன் அப்படி இருக்கிறது என்ற கணக்கில் இறங்கினார். சிதறலும் உலோக எலக்ட்ரானும் அவருடைய இரண்டு தனித்தனி வேலைகள். அவை ஒரே வேலையாகச் சேர, லேசர் வரும்வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

‘கோரிலேட்டட் மெட்டல்’ என்றால் என்ன? சாதாரண உலோகத்துக்கும் அதற்கும் என்ன வித்தியாசம்?

வலுத்தொடர்பு உலோகம் என்று எழுதுகிறேன். செம்பிலோ அலுமினியத்திலோ ஓடும் எலக்ட்ரான்கள், பக்கத்தில் இன்னொன்று இருப்பதையே கண்டுகொள்ளாத மாதிரி ஓடுகின்றன. ஒரு எலக்ட்ரானின் கணக்கைப் போட்டுவிட்டு எண்ணிக்கையால் பெருக்கினால் அநேகமாகச் சரியாக வந்துவிடும். மத்தியானம் இரண்டு மணிக்குக் காலியாக இருக்கும் ரத வீதி மாதிரி, அவரவர் பாட்டுக்கு நடக்கலாம்.

சில பொருள்களில் இந்தக் கணக்கு படுத்துவிடும். நிக்கல் ஆக்சைடைப் பட்டைக் கொள்கைப்படி, அதாவது எலக்ட்ரான்களைத் தனி ஆட்களாக வைத்துக் கணக்கிட்டால் உலோகம் என்று வரும். கையில் எடுத்துப் பார்த்தால் மின்கடத்தாப் பொருள். 1937-இலேயே டி போயரும் வெர்வேயும் இதைச் சுட்டிக்காட்டினார்கள். ஒரே அணுவில் இரண்டு எலக்ட்ரான் உட்கார வேண்டுமானால் பல எலக்ட்ரான் வோல்ட் செலவாகும். பக்கத்து அணுவுக்குத் தாவுவதால் கிடைக்கும் லாபம் அதைவிடக் குறைவு. அதனால் ஒவ்வொன்றும் இருந்த இடத்தில் நிற்கிறது. நெவில் மாட் என்ற இயற்பியலாளர் விளக்கிய நிலைமை இதுதான்.

இப்படி நிற்கும் கூட்டத்திலிருந்து கொஞ்சம் எலக்ட்ரானை எடுத்துவிட்டால் மற்றவை மெல்ல நகரத் தொடங்கும். எடுத்த இடத்தில் உண்டாகும் காலியிடத்துக்குத் துளை என்று பெயர். மின்சாரமும் ஓடும், ஆனால் தேர் நாளில் ரத வீதியில் நடக்கிற மாதிரி. முன்னால் இருப்பவர் நகர்ந்தால்தான் நீங்கள் நகர முடியும். லாந்தனம் காப்பர் ஆக்சைடில் லாந்தனத்துக்குப் பதில் கொஞ்சம் பேரியமோ ஸ்ட்ரான்சியமோ கலந்தால் நடப்பது இதுதான். 1986-இல் ஜூரிக்கில் பெட்னார்ஸும் முல்லரும் அங்கேதான் உயர் வெப்பநிலை மீக்கடத்தலை, அதாவது மின்தடையே இல்லாமல் மின்சாரம் ஓடுவதைக் கண்டார்கள். அடுத்த வருஷமே இட்ரியம் பேரியம் காப்பர் ஆக்சைடில் மீக்கடத்தல் தொடங்கும் வெப்பநிலை 93 கெல்வினுக்குப் போய்விட்டது.

டவுணில் பாத்திரக்கடை வைத்திருக்கும் ஓர் அண்ணாச்சி கேட்டது: “தம்பி, எங்கடைச் செம்புப் பானையில அந்த லேசர அடிச்சா என்ன தெரியும்?”

ஒன்றும் தெரியாது அண்ணாச்சி. பானையில் களிம்பு ஏறியிருந்தால் களிம்பின் கோடுகள் தெரியும். நல்லாப் புளி போட்டு விளக்கிய செம்பு என்றால் அதுவும் கிடையாது.

இந்தக் கேள்வியைத்தான் நான் எல்லா வகுப்பிலும் முதலில் வைக்கிறேன். செம்புப் படிகத்தில் ஓர் அலகுக்கு ஓர் அணுதான். அணுக்கள் ஒன்றுக்கொன்று எதிராக ஆடும் அதிர்வு வேண்டுமென்றால் குறைந்தது இரண்டு அணு வேண்டும். ஆகவே வழக்கமான ராமன் கோடு இல்லை. சரி, எலக்ட்ரான்? அவை ஏராளமாக இருக்கின்றன, ஆனால் இரண்டு முட்டுக்கட்டை. பார்வை ஒளியின் உந்தம், படிகத்துக்குள் எலக்ட்ரான்கள் பரவியிருக்கும் உந்த அளவோடு ஒப்பிட்டால் பல நூறில் ஒரு பங்கு. அவ்வளவு சின்னத் தள்ளலில் ஓர் எலக்ட்ரான் வாங்கக்கூடிய ஆற்றல் சில பத்து மில்லி எலக்ட்ரான் வோல்ட்டைத் தாண்டாது. அந்தக் கொஞ்சத்தையும் அடுத்த முட்டுக்கட்டை கொன்றுவிடும். எலக்ட்ரான்கள் ஓரிடத்தில் கூடினால் மின்னூட்டம் கூடும், உடனே சுற்றியுள்ளவை விலகி அதைச் சமன்செய்துவிடும். திரையிடல் என்பது இது. இந்தத் திரையை மீறி அடர்த்தி ஆட வேண்டுமென்றால் பல எலக்ட்ரான் வோல்ட் கொடுக்க வேண்டும்.

தாமிரசபை இருக்கிற ஊர், தாமிரபரணி ஓடுகிற ஊர், தாமிரத்தில் ஒளியை விட்டால் மௌனம். மேலே சொன்ன லாந்தனம், இட்ரியம் வகைகளில் போல அந்தத் தாமிரம் ஆக்சிஜனோடு சேர்ந்து தகடு தகடாக அடுக்கப்பட்டால் கதை மாறிவிடுகிறது. அந்த வகைகளைத்தான் இனி தாமிர ஆக்சைடு என்கிறேன்.

தாமிர ஆக்சைடில் மட்டும் அந்த முட்டுக்கட்டைகள் எப்படி விலகுகின்றன?

முதல் முட்டுக்கட்டையைப் பார்ப்போம். வலுத்தொடர்பு உலோகத்தில் எலக்ட்ரான் தனியாகப் போவதில்லை. ஒளி தள்ளியவுடன் இன்னொன்றின்மேல் மோதும், சுழல் ஏற்ற இறக்கத்தின்மேல் மோதும். உந்தக் கணக்கைப் பல பேர் சேர்ந்து பங்கு போட்டுக்கொள்வதால், ஒற்றை எலக்ட்ரானுக்கு இருந்த ஆற்றல் வரம்பு உடைகிறது. தாமிர ஆக்சைடுகளில் பல நூறு மில்லி எலக்ட்ரான் வோல்ட் வரை தட்டையாக நீளும் ஒரு பின்னணி கிடைப்பதற்குக் காரணம் இதுதான். ஆரம்பத்தில் சிலர் இதை அழுக்கு, ஒளிர்வு என்று கழித்துவிட்டார்கள். 1989-இல் வர்மாவும் கூட்டாளிகளும் ‘விளிம்புநிலை ஃபெர்மி திரவம்’ என்ற கருத்தை முன்வைத்தபோது, அந்தத் தட்டையான பின்னணியே அவர்களுக்கு ஒரு முக்கியச் சாட்சி.

திரையிடல் விலகுவது இதைவிட ருசியான விஷயம். ரத வீதிகளுக்கே போவோம். நெல்லையப்பர் கோவிலைச் சுற்றி நாலு வீதி: கீழ ரதவீதி, தெற்கு, மேல, வடக்கு. தேர் நாளில் நாலு வீதியிலும் ஒரே சமயம் கூட்டம் பெருகினால் போலீஸ் உடனே தடுப்பு போட்டுவிடுவார்கள். அது அடர்த்தி ஏறுவது, திரையிடல் வந்துவிடும். ஆனால் கீழ, மேல ரதவீதிகளில் கூட்டம் கொஞ்சம் கூடி, அதே அளவு தெற்கு, வடக்கு ரதவீதிகளில் குறைந்தால்? மொத்தக் கூட்டம் மாறவில்லை. தடுப்பு போட யாருக்கும் காரணம் இல்லை. கூட்டத்தின் வடிவம் மட்டும் மாறியிருக்கிறது.

எலக்ட்ரான்களிடமும் இப்படித்தான். அவற்றின் ஃபெர்மி பரப்பு, அதாவது எலக்ட்ரான்கள் நிரம்பிய உந்தங்களுக்கும் காலியானவற்றுக்கும் நடுவே உள்ள எல்லை, உந்த வெளியில் வரைந்த வீதி மாதிரி. மொத்த மின்னூட்டம் மாறாமல் ஒரு பக்கம் கூடி மறுபக்கம் குறையும் ஆட்டத்தைத் திரையிடல் தொடாது. இது செம்புக்கும் பொருந்தும்தானே என்று ஒரு பெண் கேட்டாள். நல்ல கேள்வி. பொருந்தும், ஆனால் செம்பின் எலக்ட்ரான்கள் கிட்டத்தட்டத் தனி ஆட்கள் என்பதால் முதல் முட்டுக்கட்டை அப்படியே நிற்கிறது.

எந்த வீதியில் கூட்டம் ஏறுகிறது என்று நாம் தேர்ந்தெடுக்க முடியுமா?

முடியும். இந்த முறையின் உயிரே அதில்தான் இருக்கிறது. ஒளியின் மின்புலம் எந்தத் திசையில் ஆட வேண்டும் என்பதைத் தளவிளைவுத் தகட்டால் கட்டுப்படுத்தலாம். போகும் ஒளிக்கு ஒரு திசை, வரும் ஒளியில் நாம் பொறுக்கி எடுப்பதற்கு ஒரு திசை.

சதுரமான தாமிர ஆக்சைடுத் தகட்டில், தாமிரமும் ஆக்சிஜனும் கைகோத்து நிற்கும் கோட்டுக்கு 45 பாகை சாய்த்து ஒளியை விட்டு, அதற்குச் செங்குத்தான திசையில் வாங்கினால் ‘பி1ஜி’ என்ற சமச்சீர் கிடைக்கும். மேலே சொன்ன கீழ–மேல கூடித் தெற்கு–வடக்கு குறையும் ஆட்டம் இது. அந்தக் கோட்டின் திசையிலேயே விட்டு, அதற்குச் செங்குத்தாக வாங்கினால் ‘பி2ஜி’. இதில் ஆட்டம் வீதி முனைகளில் நடக்கும்: எதிரெதிரே இருக்கும் இரண்டு முக்குகளில் கூடும், மற்ற இரண்டில் குறையும். நாலு பக்கமும் ஒரே மாதிரி ஆடுவது ‘ஏ1ஜி’. திரையிடல் கை வைப்பது இதில்தான். அதனால் ஏ1ஜி தரவைப் பார்த்து ஒரு முடிவு சொல்பவர்களிடம் நான் கொஞ்சம் தள்ளியே நிற்பேன்.

மின்தடையை அளந்தால் எல்லா வீதியும் கலந்த ஒரே எண்தான் வரும். ராமன் சிதறலில் வீதி வாரியாக, முக்கு வாரியாகக் கேட்கலாம். குறைந்த ஆற்றலில் வளைகோடு எவ்வளவு செங்குத்தாக ஏறுகிறது என்பதிலிருந்து, அந்தப் பகுதியில் எலக்ட்ரான் எவ்வளவு நேரத்துக்கு ஒருமுறை மோதுகிறது என்று கணக்கிடலாம். தாமிர ஆக்சைடுகளில் இதைச் செய்தபோது, முக்குகளைப் பார்க்கும் பி2ஜி கணக்கு சாதாரண மின்தடையோடு ஒத்துப்போனது. வீதி நடுவைப் பார்க்கும் பி1ஜி, துளைகள் குறைவாகக் கலந்த மாதிரிகளில் ஒத்துப்போகவே இல்லை. ஒரே உலோகத்துக்குள் ஒரு திசையில் நல்ல எலக்ட்ரான், இன்னொரு திசையில் தடுமாறும் எலக்ட்ரான்.

கோவில் இசைத்தூணைத் தட்டினால் சுரம் வருகிற மாதிரிதானே இது?

பாதி சரி. தூணுக்குச் சொந்தமாக ஒரு சுரம் உண்டு, படிக அதிர்வான ஃபோனானும் அப்படித்தான், கூர்மையான கோடாக வரும். வலுத்தொடர்பு உலோகத்தின் எலக்ட்ரான்கள் தருவது சுரம் இல்லை, இரைச்சல். தேர்க் கூட்டத்தின் இரைச்சல். ஆனால் அந்த இரைச்சல் எந்த ஆற்றலில் ஏறுகிறது, குளிர்வித்தால் எங்கே வற்றுகிறது என்று பார்க்கலாம்.

இரைச்சலும் சுரமும் கலப்பதும் உண்டு. இட்ரியம் பேரியம் காப்பர் ஆக்சைடில் 340 செ.மீ.⁻¹ பக்கத்தில் ஓர் அதிர்வுக் கோடு இருக்கிறது. ஒரு பக்கம் உயர்ந்தும் மறுபக்கம் பள்ளமாகவும் கோணலாக இருக்கும். ஃபானோ வடிவம் என்று பெயர். அந்த அதிர்வு எலக்ட்ரான் கூட்டத்தோடு பின்னிக் கிடக்கிறது என்பதற்கு அந்தக் கோணலே அடையாளம்.

மீக்கடத்தியாக மாறும்போது என்ன தெரிகிறது?

எலக்ட்ரான்கள் ஜோடி சேர்கின்றன. ஒரு ஜோடியைப் பிரிக்கக் குறைந்தபட்ச ஆற்றல் வேண்டும் என்பதால், அதற்குக் கீழே சிதறல் வற்றி, அந்த ஆற்றலில் ஒரு மேடு எழும்பும். வழக்கமான மீக்கடத்தி என்றால் எல்லாத் திசையிலும் ஒரே இடைவெளி, கீழே துப்புரவாகக் காலி. தாமிர ஆக்சைடில் அப்படி வரவில்லை.

பத்தமடைப் பாயைக் கையில் எடுத்துக்கொள்ளுங்கள். பாவு நூல் ஒரு திசை, ஊடாகப் போகும் கோரை அதற்குச் செங்குத்து. பாவுத் திசையில் இழுத்தால் கொடுக்காது, கோரைத் திசையில் இழுத்தாலும் கொடுக்காது. மூலைக்கு மூலை இழுத்துப் பாருங்கள், நெளிந்து கொடுக்கும். தாமிர ஆக்சைடின் இடைவெளியும் அப்படி. தாமிரம்–ஆக்சிஜன் கோடுகளின் திசையில் முழு அளவு இடைவெளி, மூலைவிட்டத் திசையில் பூச்சியம். ‘டி அலை’ மீக்கடத்தல் என்பது இதுதான்.

1994-இல் டெவரோ குழுவினர் ஒரு கணக்கு போட்டார்கள். இடைவெளி பூச்சியமாகும் திசையைப் பார்க்கும் பி2ஜி, குறைந்த ஆற்றலில் நேர்கோடாக ஏற வேண்டும். பி1ஜி ஆற்றலின் மும்மடியாக, ரொம்ப மெதுவாக ஏற வேண்டும். சோதனையில் அப்படியே வந்தது. இடைவெளி எவ்வளவு என்பதோடு எந்தத் திசையில் எவ்வளவு என்பதையும் ஒளி சொல்லிவிட்டது. 90 கெல்வின் அளவில் மீக்கடத்தியாகும் பிஸ்மத் கலந்த தாமிர ஆக்சைடில் பி1ஜி மேடு ஏறத்தாழ 550 செ.மீ.⁻¹ பக்கம் வரும். வழக்கமான மீக்கடத்திகளை விளக்கும் பழைய பி.சி.எஸ். கொள்கை அந்த வெப்பநிலைக்குச் சொல்லும் இடைவெளியைப்போல இது இரண்டு மடங்குக்கும் மேல்.

துளைகளைக் குறைத்துக்கொண்டே போனால் இன்னும் சிக்கல். மீக்கடத்தும் வெப்பநிலை இறங்கும், பி2ஜி மேடு அதோடு சேர்ந்து இறங்கும், பி1ஜி மேடு மட்டும் எதிர்த்திசையில் ஏறும். பாதரசம் கலந்த தாமிர ஆக்சைடில் 2006-இல் வெளியான இந்த முடிவு, ஒரே பொருளில் இரண்டு ஆற்றல் அளவா என்ற சண்டையைப் பெரிதாக்கியது.

இதனால் உயர் வெப்பநிலை மீக்கடத்தலின் காரணம் தெரிந்துவிட்டதா?

இல்லை. ஜோடி எந்த வடிவத்தில் இருக்கிறது என்று தெரிகிறது. எது ஜோடி சேர்க்கிறது என்பதில் இன்னும் ஒருமித்த கருத்து இல்லை.

தாமிர ஆக்சைடு தவிர வேறு எங்கே பயன்பட்டது?

யுரேனியம் ருத்தேனியம் சிலிசைடு என்று ஒரு கன எலக்ட்ரான் உலோகம், அதாவது எலக்ட்ரான்கள் பல மடங்கு நிறை கூடியவை மாதிரி நகரும் உலோகம். 17.5 கெல்வினில் அதற்குள் ஏதோ ஓர் ஒழுங்கு வருகிறது என்று 1985-இலிருந்து தெரியும். என்ன ஒழுங்கு என்று தெரியாததால் ‘மறைந்த ஒழுங்கு’ என்றே பெயர் வைத்துவிட்டார்கள். 2015-இல் ராமன் சிதறலில் 1.6 மில்லி எலக்ட்ரான் வோல்ட்டில் ஒரு கூர்மையான கோடு வெளியானது. அது வந்த சமச்சீர் ‘ஏ2ஜி’, அநேகமாக யாரும் எட்டிப் பார்க்காத மூலை. என்னைக் கேட்டால் இந்தத் துறையின் மிக அழகான அளவீடுகளில் இது ஒன்று. சுமார் 13 செ.மீ.⁻¹-இல், லேசரின் சொந்த ஒளி வந்து கண்ணை மறைக்கும் இடத்தில் கண்டிருக்கிறார்கள்.

நியோபியம் டைசெலினைடில் 1980-இல் சூரியகுமாரும் கிளைனும் மீக்கடத்தும் நிலையில் மட்டும் எழும் ஒரு கோட்டைப் பார்த்தார்கள். மீக்கடத்தல் ஒழுங்கின் வலிமையே ஏறி இறங்கும் அதிர்வு என்று அடுத்த வருஷம் லிட்டில்வுட்டும் வர்மாவும் விளக்கினார்கள். இன்று அதை ஹிக்ஸ் அதிர்வு என்கிறார்கள். இரும்பு ஆர்சனைடுகளில் வேறு கதை. சதுரப் படிகம் செவ்வகமாகச் சரிவதற்கு முன்னாலேயே, எலக்ட்ரான் கூட்டம் ஒரு பக்கமாகச் சாயத் தவிப்பது குளிர்விக்கக் குளிர்விக்க வளரும் சிதறலாகத் தெரிகிறது.

ஒளிமின் உமிழ்வு, எக்ஸ் கதிர்ச் சிதறல் எல்லாம் இருக்கும்போது இது எதற்கு?

ஒளியால் எலக்ட்ரானை வெளியே தள்ளி அளக்கும் ஒளிமின் உமிழ்வு உந்தத்தைத் துல்லியமாகச் சொல்லும், ஆனால் மேற்பரப்பின் சில அணு அடுக்குகளோடு சரி. எக்ஸ் கதிர் பெரிய உந்தத்தைக் கொடுக்கும், ஆற்றல் துல்லியம் குறைவு. அதற்கு ஒத்தியங்கு முடுக்கி (சிங்க்ரோட்ரான்) என்ற பெரிய எந்திரமும் வேண்டும். ராமன் சிதறலுக்கு ஒரு மேஜை, ஒரு லேசர், ஒரு குளிர்கலம் போதும். ஒரு மில்லி எலக்ட்ரான் வோல்ட்டுக்கும் குறைந்த வித்தியாசத்தைப் பிரித்துக் காட்டும்.

எங்கே தவறு நடக்கும்? நீங்கள் செய்த தவறு ஏதாவது?

நிறைய. நான் பழகிய ஆய்வகத்தில், வாயு லேசரை வைத்து எடுத்த நிறமாலையில் ஒரு சின்னக் கோடு வந்தது. எந்த அட்டவணையிலும் இல்லை. மூன்று வாரம் அதைச் சுற்றியே தூங்கி எழுந்தேன், பெயர்கூட யோசித்துவிட்டேன். ஒரு மூத்தவர் வந்து, “லேசர் நிறத்தை மாத்திப் பாத்தியாலே?” என்று ஒரே கேள்வி கேட்டார். மாற்றினேன். உண்மையான ராமன் கோடு என்றால், லேசர் 488 நானோமீட்டர் ஆனாலும் 514.5 ஆனாலும் அதிலிருந்து அதே தூரத்தில் நிற்க வேண்டும். என் கோடு நிற்கவில்லை. லேசர் குழாய்க்குள் இருக்கும் ஆர்கான் வாயுவே உமிழும் ஒளி அது. லேசர் முன்னால் ஒரு வடிகட்டி வைத்ததும் காணாமல் போய்விட்டது.

அடுத்தது சூடு. 10 கெல்வின் என்று திரையில் எழுதியிருக்கும், லேசர் விழும் புள்ளி அதைவிட எவ்வளவோ சூடாக இருக்கும். ஆற்றலை இழந்து வரும் ஒளியையும், ஆற்றலைப் பெற்று வரும் ஒளியையும் ஒப்பிட்டுப் புள்ளியின் நிஜ வெப்பநிலையைக் கணக்கிடுங்கள். 300 கெல்வினில் 208 செ.மீ.⁻¹-இல், பெற்று வருவதை இழந்து வருவதால் வகுத்த விகிதம் சுமார் 0.37 வர வேண்டும். லேசரைச் சில மில்லிவாட்டுக்கு மேல் ஏற்றாதீர்கள். படிகத்தை அளப்பதற்குச் சற்று முன்பு பிளந்து புதுப் பரப்பு எடுங்கள். வேலையைத் தொடங்குமுன் சிலிக்கான் துண்டை வைத்து 520 செ.மீ.⁻¹-இல் கோடு வருகிறதா என்று பாருங்கள். இது பல் துலக்குவது மாதிரி, தினமும்.

இதைத் திருநெல்வேலியில் இருந்துகொண்டு செய்ய முடியுமா?

10 கெல்வினுக்குக் கீழே போகும் எலக்ட்ரான் வேலையைச் சாதாரணக் கல்லூரியில் செய்வது சிரமம். இந்தூரில் யூ.ஜி.சி.–டி.ஏ.இ. கூட்டமைப்பு, பல்கலைக்கழக ஆய்வாளர்கள் வந்து அளந்துகொண்டு போவதற்காகவே இருக்கிறது. ஆய்வு மாணவர்கள் வழிகாட்டி மூலம் விண்ணப்பிக்கலாம். போவதற்கு முன் சமச்சீர்களை வகைப்படுத்தும் கணிதமான குலக் கொள்கையும் (குரூப் தியரி) சமச்சீர் அட்டவணையும் கையில் இருக்கட்டும். அது இல்லாமல் போய் உட்கார்ந்தால் பி1ஜி, பி2ஜி எல்லாம் கார் நம்பர் மாதிரிதான் தெரியும்.

அறை வெப்பநிலை ராமன் கருவி உங்கள் துறையில் இருந்தால் இட்டமொழிப் பக்கம் போய் ஒரு பிடி தேரி மணல் எடுத்து வாருங்கள். அந்தச் செம்மைக்குக் காரணம் ஹேமடைட் என்ற இரும்பு ஆக்சைடு. 225, 411 செ.மீ.⁻¹ பக்கங்களில் அதிர்வுக் கோடுகள் வரும். 1320 பக்கத்தில் அகலமான ஒரு மேடு எழும். ஒரு காலத்தில் அதை இரண்டு காந்தச் சுழல் அலைகள் சேர்ந்து கிளம்புவதால் வரும் மேடு என்று எழுதினார்கள், பிறகு இரண்டு ஃபோனான் சேர்ந்தது என்று திருத்தினார்கள். இரண்டு தரப்பு வாதத்தையும் படித்துவிட்டு, உங்கள் மணலின் நிறமாலையை வைத்து யார் சொல்வது சரி என்று நீங்களே வகுப்பில் வழக்காடிப் பாருங்கள். லேசரை மட்டும் குறைவாக வையுங்கள். மணல் சூடேறினால் கோடுகள் எல்லாம் இடம் நகர்ந்துவிடும்.